வெட்டிரையும் சால்மனும்: ஒன்ராறியோ ஏரியில் ஒரு பாடம்



ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றியோ திருக்குறளின் சிறப்புப் பற்றியோ நான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவை பற்றி எழுத என்னிலும் வல்லவர்கள் நம் பாடசாலையில் உளர். நான் மீன்பிடி பற்றி எழுதுகின்றேன். ஒரு சிறு மீனின் பக்கத்தை நீளத்துண்டாக வெட்டித் தூண்டிலிற் பூட்டி, மெல்ல ஓடும் படகின் பின்னே ஆழத்தில் இழுத்துச் சென்று, சால்மன் என்னும் பெருமீனைப் பிடிக்கும் முறையே இன்றைய பாடம். "சேர், விஞ்ஞானத்தையும் தமிழிலே படிக்கலாமோ?" என்று சென்ற ஆண்டு ஒரு மாணவன் கேட்டான். அவனுக்கு வகுப்பில் ஒரு சொல்லில் விடை கூறினேன். விரிவான விடை இது.

ஒன்ராறியோ ஏரி நமக்கு அயலிலே உள்ளது. ஸ்காபரோவின் தெற்கு எல்லையே அதன் கரைதான். ஏரி என்றவுடன் நம்மவர் மனத்திலே ஊர்க்குளம் தோன்றும். இதன் பரப்போ ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவின் காற்பங்கிலும் கூடியது. அதியாழமான இடத்தில் 244 மீற்றர் ஆழம் உண்டு. பாக்கு விரிகுடாவின் பெரும் பகுதி 15 மீற்றர் ஆழத்தையும் எட்டாதது என்பதை நினைத்துப் பார்த்தால், நன்னீர் என்ற ஒன்றைத் தவிர மற்றெல்லா வகையிலும் இது கடலே என்பது விளங்கும்.

ஊரில் நாம் அறிந்த 'சமன்' ரின்னில் அடைபட்டு வந்தது. அந்த ரின்கள் பலவற்றுள் இருந்தது மக்கரல் என்னும் வேறு மீன் என்பதை நான் இங்கு வந்த பின்னரே அறிந்தேன். மெய்யான சால்மன் இவ்வேரிக்குப் புதியதன்று. அத்திலாந்திக் சால்மன் இதன் சொந்த மீனாக இருந்தது. ஆலைகளுக்காக ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளும், காடழிப்பும், அளவுமீறிய பிடிப்பும் சேர்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வினத்தை இங்கு இல்லாமற் செய்தன. பின்னர் ஏல்வைஃப் என்னும் சிறுமீன் பேரேரிகளிற் கட்டின்றிப் பெருகியது. இது நம் ஊர்ச் சூடைமீனுக்குத் தூரத்து உறவு. 1967ஆம் ஆண்டு மிச்சிகன் ஏரியில் இவை பெருந்தொகையாக இறந்து கரையொதுங்கி நாறின. அதற்கு முந்திய ஆண்டிலேயே, மிச்சிகன் மாநில மீன்வளப் பிரிவின் தலைவராயிருந்த ஹவார்ட் ரானர் என்பவரின் முயற்சியால், பசிபிக் கரையிலிருந்து பெற்ற முட்டைகளிற் பொரித்த கோகோ சால்மன் குஞ்சுகள் அங்குள்ள ஆறுகளில் விடப்பட்டன. அடுத்த ஆண்டு சினூக் என்னும் பெரிய சால்மனும் விடப்பட்டது. சில ஆண்டுகளில் ஒன்ராறியோ ஏரிக்கும் அவை வந்து சேர்ந்தன. இன்று இங்குள்ள சினூக் மீன்களிற் கணிசமான பங்கு பண்ணையிற் பொரித்தவை அல்ல. நம் ஆறுகளின் சரளைக் கற்களிடையே தாமாகவே பிறந்தவை. இதிலே ஓர் ஒப்புமை தானாக எழுகின்றது. மாணவர்கள் அதைக் கண்டுகொள்வார்கள், நான் விரிக்கவில்லை.

இங்கு ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுப்பதை ஆங்கிலத்தில் 'ட்றோலிங்' என்பர். இதனை நம் பெற்றோர் பலர் 'றோலர்' என்னும் இழுவைமடியோடு மயங்குகின்றனர். இழுவைமடி கடலடியை வாரிச் செல்வது. குஞ்சு, சினை, பவளம் எதையும் மிச்சம் விடாதது. வடபகுதிக் கடற்றொழிலாளர் அதனால் அடைந்த இழப்பு நீங்கள் அறிந்தது. இலங்கையிலே 2017இல் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. நான் கூறுவதோ ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன் என்னும் முறை. இதனை இக்கட்டுரையில் 'ஓடுதூண்டில்' என வழங்குவேன். இரையாக வெட்டிய மீன்துண்டை 'வெட்டிரை' என்பேன்.

இனி நான் கற்ற விதத்தைக் கூறுகின்றேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்து விடியற்காலை. வடமராட்சிக் கரையோரத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், 1980களின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்து ஓய்வுபெற்ற பின் ஒரு சிறு படகு வாங்கியவர், என்னையும் உடன் அழைத்துச் சென்றார். அவர் சுக்கானைப் பிடிக்க, இரை வெட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். விஞ்ஞான ஆசிரியனுக்கு மீன் வெட்டத் தெரியாதா என்ற எண்ணம். தூண்டிற் கடையில் அவர் வாங்கி உப்பிட்டு வைத்திருந்த ஹெரிங் மீன்களைக் கறிக்கு வெட்டுவதுபோல் தடித்த துண்டுகளாக வெட்டினேன். பூட்டினேன். 25 மீற்றர் ஆழத்துக்கு இறக்கினோம். மணம் இருக்கின்றது, மீன் வரும் என்றேன்.

ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஒன்றும் வரவில்லை. எங்கள் இருபுறமும் சென்ற படகுகளில் தடிகள் வளைந்தவண்ணம் இருந்தன. பெரியவர் ஒன்றும் பேசாமல் ஒரு தூண்டிலைச் சுற்றி எடுத்தார்.

"மாஸ்ரர், இறக்க முதல் இதை ஒருக்காத் தண்ணியில பாத்தனீங்களோ?"

"இல்லை அண்ணை."

அவர் இரையைப் படகின் ஓரமாக ஒரு பாகத் தூரத்தில் நீரில் விட்டார். தெளிந்த நீரில் அது துறப்பணம்போல் கிறுகிறுவென்று சுழன்றது. அவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்னொரு பாதி மீனை எடுத்து, தசையின் பெரும் பகுதியைச் சீவி நீக்கி, வால் நோக்கிக் குறுகும் மெல்லிய துண்டாக வெட்டிப் பூட்டினார். மீண்டும் நீரில் விட்டார். இம்முறை அது சோர்ந்த மீன் புரள்வதுபோல் மெல்ல உருண்டது. வெள்ளி மின்னியது, மறைந்தது, மீண்டும் மின்னியது. "இப்ப இறக்குங்கோ" என்றார். அரை மணி நேரத்துள் தடி வளைந்தது. எட்டுக் கிலோ நிறையுள்ள சினூக்.

திரும்பும் வழியில், இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். சிறு வயதிலே தகப்பனாரோடு கடலுக்குப் போகையில், இரை நீந்துகிறதா என்று பார்த்தே இறக்க வேண்டும் எனப் பழகியதாகச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்தில என்னை வாங்கில ஏத்தி விட்டவை, மாஸ்ரர். இரவு கடலுக்குப் போனால் காலமை நித்திரை வருந்தானே" என்றார்.

என்னாற் சிரிக்க முடியவில்லை. 2002 முதல் 2006 வரை, போர்நிறுத்த காலத்திலே, நான் ஒரு கரையோரப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தேன். கடல் மீண்டும் திறந்திருந்த அந்நாட்களில், இரவுத் தொழிலுக்குப் போய்வந்து முதற்பாடத்திலேயே கண்ணயர்ந்த பிள்ளைகளை நானும் வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கின்றேன். விசையும் அமுக்கமும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தேன். அவற்றை இரவிரவாகக் கையால் அறிந்து வந்தவர்களிடம் ஒரு நாளேனும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது சனிக்கிழமை காலைகளில் உறக்கக் கண்ணோடு வரும் உங்களை நான் அதட்டாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனித் தூண்டிலின் அமைப்பைப் பார்ப்போம்.

தடியிலிருந்து வரும் நூலின் முனையிலே ஒரு சுழல்தகடு கட்டப்படும். ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள, இரு முனைகளும் எதிரெதிராகச் சற்று வளைந்த பிளாஸ்ரிக் தகடு இது. இழுக்கும்போது முழுவட்டமாகச் சுழன்று ஒளியை வீசும். இரைமீன் கூட்டத்திலே இன்னொரு பெருமீன் பாய்ந்து தின்கின்றது என இது தோன்றும் என்பது மீன்பிடிப்போர் கருத்து. தகட்டின் பின்னே ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் வரை தடித்த தங்கூசி. மெல்லிய தங்கூசி கட்டினால் தகட்டின் ஆட்டம் இரைக்குக் கடத்தப்படாது. இத்தங்கூசியிலே இரண்டு அல்லது மூன்று மினுங்கும் நூற்குஞ்சங்களைக் கோப்பார்கள். அவை சிறுமீன்கள் வரிசையாக ஓடுவதுபோல் தோன்றும். கடைசியில் இரைத்தலை. இது மீன்தலை வடிவிலே வார்த்த பிளாஸ்ரிக் கூடு. வெட்டிரையின் அகன்ற முனையை இதனுட் செருகி, பக்கத் துளையினூடாக ஒரு பற்குச்சியைக் குத்தி, வெளியே நீட்டும் பகுதியை முறித்துவிட வேண்டும். அதன் பின்னே, வெட்டிரையை அடுத்து, மும்முனைத் தூண்டில்முள்.

வெட்டிரை 10 முதல் 13 சென்ரிமீற்றர் நீளம் இருக்கலாம். வெள்ளித்தோல் கிழியாமல் இருத்தல் இன்றியமையாதது. ஓரங்கள் நேராக வெட்டப்பட வேண்டும். பிசிறினால் ஒரு பக்கம் நீரை அதிகம் பிடிக்கும். கத்தி கூர்மையாக இல்லாவிடில் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டா.

உப்பிடுவது ஏன்? பச்சை மீன் நீரில் இழுபட்டால் கால் மணி நேரத்துக்குள் தோய்ந்து கிழிந்துபோகும். அயடீன் சேராத கல்லுப்பில் ஓர் இரவு குளிரூட்டியில் வைத்தால், தசையிலுள்ள நீர் வெளியேறித் துண்டு தோல்போல் உறுதியாகும். பிரசாரணம் என்று நாம் பாடநூலிற் படித்தது இதுவே. கருவாடு போடும் நம் அன்னையர் இதனைப் பெயர் சொல்லாமலே அறிவர். ஆனால் கருவாட்டளவுக்கு உலர்ந்துவிட்டால் வளையாது. வளையாத இரை நீந்தாது.

அத்துண்டு ஏன் உருள்கின்றது என்பதே பாடத்தின் நடு. காற்றாடியின் இதழை நினையுங்கள். இதழ் சாய்ந்திருப்பதால், நேரே வரும் காற்று அதனைப் பக்கவாட்டில் தள்ளுகின்றது. இரைத்தலையின் முகமும் அவ்வாறே சாய்வாக வார்க்கப்பட்டுள்ளது. படகு இழுக்கும்போது எதிர்வரும் நீர் அச்சாய்வில் மோதி, ஒரு கூறு இரையைப் பின்னே தள்ள, மற்றக் கூறு பக்கமாகத் திருப்புகின்றது. திருப்பும் விசை மிகுந்தால் துறப்பணச் சுழற்சி. குறைந்தால் வாழைச் சருகுபோல் இழுபடும். நான் வெட்டிய தடித்த துண்டு தலையின் சாய்வோடு விறைத்து நின்று, முழுத் தூண்டிலையும் ஒரு திருகாணியாக்கிவிட்டது. மெல்லிய துண்டோ வளைந்து கொடுத்து, விசையின் ஒரு பகுதியைத் தன் அசைவிற் செலவிடுகின்றது. அதனால் உருளல் அகலமாகவும் மெதுவாகவும் நிகழ்கின்றது. சில இரைத்தலைகளில் உள்ளே ஒரு கம்பி இருக்கும். அதனைச் சிறிது வளைத்தும் நிமிர்த்தியும் உருளலைச் சரிசெய்யலாம்.

படகின் வேகமும் இதிற் சேர்ந்ததே. மணிக்கு 3 முதல் 4 கிலோமீற்றர் வரை போதும். பேரப்பிள்ளையைக் கைப்பிடித்து நடக்கும் பாட்டியின் வேகம். தகரக் கரண்டி போன்ற செயற்கை இரைகளை இதனிலும் விரைவாக இழுப்பார்கள். வெட்டிரை விரைவைத் தாங்காது. இன்னொன்று: மேலே உள்ள நீரோட்டமும் ஆழத்தில் உள்ள நீரோட்டமும் ஒரே திசையில் இருப்பதில்லை. மேலே வேகமானி 4 என்று காட்டும்போது கீழே இரை தேங்கி நிற்கலாம். ஈயக்குண்டை இறக்கிய கம்பி எவ்வளவு சாய்ந்து செல்கின்றது என்பதைக் கண்ணாற் பார்த்துப் பெரியவர் இதனை அறிகின்றார். ஒரே வேகத்தில் ஒரு திசையில் கம்பி மிகச் சாய்ந்தும் மறு திசையில் நேராகவும் நின்றால், கீழே ஓட்டம் உண்டு என்பது கணக்கு.

அந்த ஈயக்குண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 25 மீற்றர் ஆழத்துக்கு ஒரு மெல்லிய இரை தானாக இறங்காது. படகின் ஓரத்தில் ஒரு சுழல் உருளை. அதிலிருந்து இறங்கும் கம்பியின் முனையில் ஐந்து கிலோ அளவான குண்டு. இக்கருவியை நாம் ஆழமிறக்கி எனலாம். தூண்டில் நூல் அக்கம்பியில் ஒரு கவ்வியால் இணைக்கப்படும். மீன் கடித்து இழுத்ததும் கவ்வி நூலை விட்டுவிடும். பின்னர் மீனுக்கும் தடிக்கும் இடையே குண்டின் பாரம் இல்லை.

ஆழத்தை எவ்வாறு முடிவு செய்வது? சினூக் ஏறத்தாழ 10 முதல் 13 பாகை வெப்பநிலையை விரும்பும். கோடையில் ஏரியின் மேற்படை 20 பாகையைத் தாண்டும். கீழே நீர் மிகக் குளிர்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே வெப்பநிலை திடீரென வீழும் ஒரு படை உண்டு. அதன் அயலிலே மீன் நிற்கும். ஆனால் அப்படை ஒரே இடத்தில் இருப்பதில்லை. மேற்குக் காற்று ஓரிரு நாள் பலமாக வீசினால், புவிச்சுழற்சியின் விளைவால் மேற்பரப்பு நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது தெற்கே தள்ளப்படும். அவ்விடத்தை நிரப்ப, நம் வடகரையிலே அடியிலுள்ள குளிர்நீர் மேலெழும். நேற்று நீராடிய கடற்கரையில் இன்று கால் வைக்க முடியாமற் போவது இதனாலேதான். சால்மன் அந்நாட்களிற் கரையை நெருங்கி வரும். ஆகையால், பெற்றோர்களே, வெயில் கொளுத்தும் நாளாயினும் படகில் ஏறும் பிள்ளைக்கு மிதவைச் சட்டை அணிவித்தல் கட்டாயம். 10 பாகை நீரில் விழுந்தவருக்கு முதற்கணமே மூச்சுத் திணறும். நல்ல நீச்சற்காரருக்கும் கைகால்கள் சில நிமிடங்களில் ஓயத் தொடங்கும்.

அவ்வாழத்தில் வெளிச்சம் குறைவு. செந்நிறத்தை நீர் முதலில் உறிஞ்சிவிடுவதால், சிவப்பு இரைத்தலை அங்கே கருமையாகவே தெரியும். பச்சையும் நீலமும் கூடிய தூரம் எட்டும். கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்தும் மீன் இரையை உணரும். அதன் பக்கக்கோட்டு உறுப்பு நீரின் அதிர்வை உணர்கின்றது. மெதுவான உருளல் அங்கேதான் பேசுகின்றது. பிறகு மூக்கு. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆதர் ஹாஸ்லர் குழுவினர் ஒரு சோதனை செய்தனர். கோகோ சால்மன் குஞ்சுகளை ஒரு வேதிப்பொருளின் மிகச் சிறிதளவு மணத்திற் பழக்கி மிச்சிகன் ஏரியில் விட்டனர். வளர்ந்த பின், அம்மணம் கலக்கப்பட்ட ஆற்றையே அவை தேடி வந்தன. பிறந்த ஆற்றின் மணத்தை நினைவில் வைத்தே சால்மன் திரும்புகின்றது என்பது இதனால் உறுதிப்பட்டது. இத்தகைய மூக்குக்கு முன்னே உண்மையான மீன்துண்டு பிளாஸ்ரிக்கை வெல்வதில் வியப்பில்லை. எனினும் நான் நான்கு மணி நேரம் கண்டதுபோல், மணம் மட்டும் போதாது.

பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒன்ராறியோவாசிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை, பெற்றோருக்கு வேண்டும். மிஞ்சிய இரையை நீரிலோ நீரிலிருந்து 30 மீற்றருக்குட்பட்ட தரையிலோ கொட்டுவது இங்கு குற்றம். மீன்நோய்களும் அந்நிய உயிர்களும் அவ்வழியே பரவும். கட்டி வீட்டுக்குப்பையில் இடுங்கள்.

பிடித்த மீனைச் சமைப்பது பற்றிப் பெற்றோரிடம் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியுள்ளது. நம் வழக்கப்படி தலையும் சினையும் வயிற்றுக் கொழுப்பும் பிள்ளைக்கு என எடுத்து வைப்போம். ஒன்ராறியோ ஏரியின் பெரிய சால்மனில் அதைச் செய்யாதீர்கள். முற்காலத் தொழிற்சாலைகள் பயன்படுத்திய பிசிபி என்னும் வேதிப்பொருட்கள் வட அமெரிக்காவில் 1970களின் இறுதியிலேயே தடுக்கப்பட்டபோதும், ஏரியின் அடிச்சேற்றில் இன்னும் உள்ளன. சிற்றுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் ஏறி அவை கொழுப்பிலே தங்குகின்றன. தோலையும் முதுகு, வயிற்றுக் கொழுப்பையும் சீவி நீக்கி, கம்பித்தட்டில் வைத்துச் சுட்டுக் கொழுப்பை வடியவிட்டால் அளவு குறையும். இரசம் என்னும் உலோகமோ தசையிலேயே இருப்பதால் சீவி அகற்ற முடியாது. மாகாண அரசு எந்த நீர்நிலையில் எந்த மீனை, எவ்வளவு நீளமுள்ளதை, மாதத்தில் எத்தனை முறை உண்ணலாம் என ஒரு வழிகாட்டி வெளியிடுகின்றது. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கும் தாய்மையடையக்கூடிய பெண்களுக்கும் அதில் தனி வரிசை, மிகக் குறைந்த அளவோடு, உண்டு. சிறிய மீனே பாதுகாப்பானது. எட்டுக் கிலோ மீனைப் பிடித்த அன்று நான் பெருமையோடு முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கச் சொன்னேன். வழிகாட்டியைப் படித்துக் காட்டியவள் என் பன்னிரண்டு வயது மகள். அன்று பிள்ளைகளின் கோப்பைக்கு அந்தக் குழம்பு போகவில்லை.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. பழைய ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியிலிருந்து 10 சென்ரிமீற்றர் நீளமும், ஒரு முனையில் 2 சென்ரிமீற்றர் அகலமும், மறுமுனையில் கூராகவும் அமையுமாறு மூன்று துண்டுகள் வெட்டுக. ஒன்றைத் தட்டையாக விடுக. இரண்டாவதன் அகன்ற முனையில் ஒரு மூலையைச் சிறிது மடக்குக. மூன்றாவதில் அம்மூலையை நன்றாக மடக்குக. அகன்ற முனையில் துளையிட்டு நூல் கட்டி, குளியற்றொட்டி நீரில் ஒரே சீரான வேகத்தில் இழுத்துப் பார்க்க. தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொன்றும் எத்தனை முறை உருண்டது என எண்ணுக. பின்னர் வேகத்தை இரட்டித்து மீண்டும் எண்ணுக. கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுதி அடுத்த சனிக்கிழமை கொண்டுவாருங்கள். தொட்டியை நிரப்புமுன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.